18 மணி நேரமாம்

மகள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறாள் என்று யாரிடமாவது சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் கை உடனே போனுக்குப் போய்விடும். இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்வார். "டீச்சர், 13,900 கிலோமீட்டராம். 18 மணி நேரத்துல போயிடலாம் போலிருக்கே!" மருந்துக்கடைப் பையன் சொல்லியிருக்கிறான். பென்ஷன் விஷயமாகப் போன இடத்தில் ஒரு அதிகாரி சொல்லியிருக்கிறார். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, பேரனை விட்டுப் பார்க்கச் சொல்லி, "மெட்ராஸ் போய்த் திரும்புற நேரம்தானேடியம்மா" என்றாள். முன்பெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். போன வருஷத்திலிருந்து அது முடியவில்லை. அந்த 18-ஐக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது.

31 வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள் நான். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பூமி உருண்டையின் மேல் சென்னையையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்கிற மிகக் குறுகிய கோட்டை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் நீளத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுக்கிறார்கள். ஏறவும் இறங்கவும் ஓர் அரை மணி சேர்க்கிறார்கள். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதன் தலையில் 'பயண நேரம்' என்று எழுதி வைக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. யாருடைய பயணம் அது? அந்தக் கோட்டில் எந்த விமானம் பறக்கிறது? சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நிற்காமல் போகிற விமானத்தில் நானும் ஏறியதில்லை, எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் ஏறியதில்லை. துபாயிலோ பிராங்க்ஃபர்ட்டிலோ சிங்கப்பூரிலோ, வேறெங்கோ, இறங்கி மாறித்தான் எல்லோரும் போகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்று இருந்தது. பிள்ளைகளிடம் நூலைக் கொடுத்துச் சென்னையில் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறு முனையையும் பிடித்து இழுக்கச் சொல்வேன். சுவரில் தொங்குகிற படத்தைப் பார்த்துப் பழகியவர்கள், நூல் பசிபிக் கடலுக்குக் குறுக்கே நேராகக் கிடக்கும் என்றுதான் நினைப்பார்கள். இறுக்கி இழுத்தால் அது நழுவி வடக்கே ஏறிவிடும். திபெத், மங்கோலியா, சைபீரியா, பேரிங் நீரிணை, அலாஸ்கா என்று சுற்றிக்கொண்டு போய் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கும். நூலை அளந்தால் 33 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 425 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பார்த்தால் அதே 13,900 வந்துவிடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் அந்த இடத்தோடு பாடத்தை முடித்துவிடுவேன். நூல் போகிற வழியில் ஆள் போக முடியுமா என்று ஒரு வருஷமாவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

திபெத் பீடபூமி சராசரியாக 4,500 மீட்டர் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் சுமார் 3,000 மீட்டருக்கு உடனே இறங்க வேண்டும். அங்கே இறங்குவதற்கு மலைதான் இருக்கிறது. அதனால் விமானங்கள் கூடுமானவரை அந்தப் பக்கத்தைத் தவிர்க்கின்றன. சைபீரியாவுக்கு மேலே இருப்பது ரஷ்ய வான்வெளி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய விமானங்களுக்கு அது மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு 13 மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, இடைவெளி ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. நம் பக்கத்திலும் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு, டெல்லியிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கிளம்பிய சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. இதெல்லாம் போதாதென்று காற்று வேறு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிற ஜெட் காற்று, ஒரு பக்கம் போகும்போது தள்ளிவிடும், மறுபக்கம் வரும்போது பிடித்து இழுக்கும். கோட்டை வகுத்துச் சொல்கிற கணக்கில் போகவும் வரவும் ஒரே நேரம்தான்.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஒரே மூச்சில் விமானம் வந்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? முழுக்கப் பெண் விமானிகள், வடதுருவத்தின் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தச் செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்தேன். அந்த விமானத்துக்கே 17 மணி நேரம் ஆயிற்று. நம் ஊர்க்காரருக்கு அதற்கு மேல் பெங்களூரிலிருந்து மன்னார்குடிக்கு ஓர் இரவு வேண்டும்.

இரண்டு ஊருக்கு இடையில் விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்பது விமானத்தின் சங்கதி. மனுஷிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் நான் சொல்கிறேன். எழுதி வைத்திருக்கிறேன்.

2022 டிசம்பரில் மகளின் பிரசவத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாததால் நான் மட்டும். இரவு ஒன்பதரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்தேன். விடியற்காலை எழும்பூர். விமானம் அன்று இரவு 9.45-க்குத்தான். அன்றைக்கே பகல் வண்டியில் வரலாமே என்பார்கள். வண்டி தாமதமானால் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய டிக்கெட் என்ன ஆவது? ஆகவே பகல் முழுவதும் மாம்பலத்தில் நாத்தனார் வீட்டில் இருந்துவிட்டு, மாலை ஆறு மணிக்கே விமான நிலையம். நாலே கால் மணி நேரத்தில் துபாய். அங்கே நடு ராத்திரி. அடுத்த விமானம் காலை எட்டரைக்கு. எட்டு மணி நேரம் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாய்ந்தால் கைப்பிடி விலாவில் குத்தியது. எழுந்து போனால் வீல்சேர் தள்ளுகிற பிள்ளை வந்து தேடுவானோ என்று பயம். டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தை விடியற்காலை மூன்று மணிக்குச் சாப்பிட்டேன். பசியால் இல்லை, மாத்திரை போட வேண்டுமே. பிறகு 16 மணி நேரம் ஒரே விமானம். இறங்கும்போது பாதம் வீங்கி, செருப்புக்குள் கால் நுழையவில்லை. ஒரு காலில் பாதி மாட்டி இழுத்துக்கொண்டே இமிகிரேஷன் வரிசைக்குப் போனேன். அது முடிந்து பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஃப்ரீமாண்டில் மகள் வீட்டு வாசலுக்கு ஒரு மணி நேரம். வாசலுக்கு வாசல் மொத்தம் 55 மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது 20 மணி நேரம். பறந்த தூரமும் 13,900 இல்லை. துபாய் சுற்றிப் போனதில் 16,000-ஐத் தொட்டுவிட்டது.

இதை ஊரில் சொன்னால் நம்பவில்லை. ஏனென்றால் டிக்கெட்டில் இரவு 9.45-க்குப் புறப்பாடு, மறுநாள் பகல் 12.30-க்கு வருகை என்று போட்டிருக்கிறது. "பார்த்தீங்களா டீச்சர், 15 மணி நேரம்கூட ஆகலை!" என்று கழித்துக் காட்டினார் ஒருவர். புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரம், சேரும் நேரம் கலிபோர்னியாக் கடிகாரம், நடுவே பதின்மூன்றரை மணி நேரம் ஒளிந்திருக்கிறது என்று விளக்கினேன். கூட்டினால் 28 மணி நேரத்துக்கு மேல் வரும். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? டிக்கெட்டில் அந்தப் பதின்மூன்றரை கண்ணில் படுகிற மாதிரி எங்கே எழுதியிருக்கிறது? ரயிலும் பஸ்ஸும் என்றால் நம் ஜனங்களுக்குக் கணக்கு அத்துப்படி. சென்னைக்கு ஏழு மணி நேரம் என்று பலகையில் போட்டிருந்தால், ஸ்டாண்டுக்குப் போக அரை மணி, திண்டிவனத்தில் நெரிசல் ஒரு மணி, இறங்கி வீடு போக ஒரு மணி என்று மனசுக்குள்ளேயே கூட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். மூன்று தலைமுறையாகப் போய் வந்து படிந்த அறிவு அது. விமானத்தில் அந்த அறிவு இன்னும் நமக்கு வரவில்லை. அதனால்தான் போன் சொல்கிற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்கிறோம். அப்படிப் பிடித்துக்கொண்டதில்தான் என் வீட்டில் அது நடந்தது.

2025 ஜனவரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இவர் போய்விட்டார். மகன் கோயம்புத்தூரிலிருந்து முதல் நாளே வந்திருந்தான். மகளுக்கு அப்போது திங்கள் சாயங்காலம் நாலரை. ஆபீசில் இருந்தாள். இரண்டு வயதுக் குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். அன்றிரவு 11 மணிக்குச் சிங்கப்பூர் போகிற விமானத்தில் ஒரு சீட் கிடைத்தது. நமக்கு அது செவ்வாய் பகல் பன்னிரண்டரை. "ஏறிட்டேன் சித்தப்பா, சிங்கப்பூர்லேருந்து அடுத்தது பிடிச்சு வந்துடறேன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு 17 மணி நேரம் அவளிடம் பேச வழியில்லை.

என் கொழுந்தனார் நல்ல மனுஷர். அண்ணன் போன துக்கத்திலும் எல்லாப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். போனில் பார்த்தார். 18 மணி நேரம். பன்னிரண்டரைக்கு ஏறினால் மறுநாள் காலை ஆறரை. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரப் பதினொன்று என்று வைத்துக்கொண்டார். அதற்கு மேல் நாலு மணி நேரம் கூடுதலாகவும் விட்டு, புதன்கிழமை மாலை 3 மணிக்கு எடுப்பது என்று முடிவு செய்தார். வேண்டுமென்று அவசரப்பட்டவர் இல்லை அவர். பாப்பா வரணும், வந்து முகம் பார்க்கணும் என்றுதான் அந்த நேரத்தையே குறித்தார். செவ்வாய் மாலைக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, கீழவீதியிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியாகிவிட்டது. இவர் போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில், நாளை மாலை 3 மணி.

புதன் விடியற்காலை ஐந்தரைக்கு மகள் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டாள். திருச்சிக்குக் காலையில் போகிற விமானத்தில் ஒரு இடம்கூட இல்லையாம். அடுத்தது அங்கத்திய நேரம் மூன்று மணிக்கு. நமக்குப் பன்னிரண்டரை. நாலே கால் மணி நேரம் பறந்து 4.45-க்குத் திருச்சி. வெளியே வர ஒரு மணி நேரம், மன்னார்குடிக்கு இரண்டரை மணி நேரம். "ராத்திரி எட்டேகாலுக்கு வந்துடுவேம்மா. இருக்கச் சொல்லும்மா" என்றாள்.

எட்டேகால் என்றால் அதற்கு மேல் எடுக்க முடியாது, வியாழன் காலைக்குப் போய்விடும். வாசலில் பேச்சு நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். இவருடைய அக்காவுக்கு 84 வயது, முதல் நாளிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. ஐஸ் பெட்டிக்காரர் போஸ்டரைப் பார்த்துவிட்டு, அன்று மாலைக்கு வேறொரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொழுந்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன அண்ணி செய்யலாம்?" என்று கேட்டார். அவர் குரலே வெளிவரவில்லை. நான் தலையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார்களோ. எனக்கே இன்றுவரை தெரியவில்லை.

சிங்கப்பூரில் ஏழு மணி நேரம் காத்திருந்தாளே, அப்போது மகன் போனில் அப்பாவின் முகத்தைக் காட்டினான். பெட்டியின் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டு முகம் சரியாகத் தெரியவில்லை. துண்டால் துடைத்துத் துடைத்துக் காட்டினான். அதைத்தான் அவள் பார்த்தாள். மூன்று மணிக்குப் பறை அடித்துத் தூக்கினபோது என் மகள் வங்காள விரிகுடாவுக்கு மேலே எங்கோ இருந்தாள்.

சொன்னபடி எட்டேகாலுக்கு வந்தாள். வீடு கழுவிவிட்ட ஈரம் இன்னும் காயவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், பெட்டி இருந்த இடத்தில் ஏற்றிவைத்திருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செய்தி கேட்டதிலிருந்து 38 மணி நேரம். அவளுடைய சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு, "18 மணி நேரம்னு போட்டிருந்ததும்மா, 18 மணி நேரம்னுதான் போட்டிருந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இன்றைக்கும் என்னைப் பார்க்கும்போது அவர் கண் தாழ்ந்துவிடுகிறது. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போஸ்டரில் வியாழன் காலை என்று போட்டிருந்தால் வந்தவர்கள் அதற்கேற்ப வந்திருப்பார்கள், பெட்டிக்காரர் அதற்கேற்ப வாக்குக் கொடுத்திருப்பார். ஓர் இரவு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இப்படி என் வீட்டில் மட்டும் நடந்ததாக நினைக்கவில்லை. இந்த டெல்டாவில் தெருவுக்கு இரண்டு பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்த இரண்டு அம்மாக்கள் தங்கள் வீட்டில் நடந்ததாக இதே கதையைச் சொல்லி அழுதார்கள். ஒருவர் மகன் மெல்போர்னில், இன்னொருவர் மகன் டொராண்டோவில். தூரத்தைப் போட்டு நேரத்தை வகுத்துக் காட்டுகிறவர்களைக் கேட்கிறேன்: 'விமானம் நேர்கோட்டில் நிற்காமல் பறந்தால்' என்று ஒரு வரி சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? இந்த இரண்டு ஊருக்கு நடுவில் அப்படி ஒரு விமானம் இருக்கிறதா இல்லையா என்பதையும் அதன் பக்கத்திலேயே சொன்னால் என்ன? டிக்கெட் விற்கிறவர்கள் மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல், புறப்படும் நேரத்துக்குப் பக்கத்தில் பெரிதாகப் போட்டால் என்ன?

அவர்கள் செய்யும்போது செய்யட்டும். படிக்கிற உங்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்துசேர வேண்டிய வீடாக இருந்தால், போனில் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்து நேரம் குறிக்காதீர்கள். அந்தப் பிள்ளையையே கூப்பிடுங்கள். "கடைசி விமானத்தில் சீட் உறுதியாகிவிட்டதா? நம்ம ஊர் நேரத்துக்கு எத்தனை மணிக்கு இறங்குகிறாய்?" என்று கேளுங்கள். உறுதியாகவில்லை என்றால் மறுநாள் காலை என்று வையுங்கள். உறுதியானால் அந்த நேரத்தோடு, வெளியே வர ஒன்றரை மணி நேரம், ஊருக்கு வருகிற நேரம், அதற்கு மேல் இன்னும் மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். போஸ்டருக்குச் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.